பெரம்பூரிலிருந்து கயலுக்கு

அன்புள்ள கயலு,

நேற்று சாஃப்ட்வேர் வேலை இன்டர்வியூ என்ன ஆச்சு என்று கேட்டதற்கு "இந்த வாட்டியும் இல்லப்பா" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். திரும்பப் போடுங்கள் என்றாள் அம்மா. போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்றே முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது மாடி ரூமில் கம்ப்யூட்டர் வழியாக ஒரு இன்டர்வியூ ரவுண்டு நடந்ததே, அன்றைக்கு நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். மிக்ஸி போடாதே என்று அம்மாவிடமும், டிவியைக் குறை என்று ஆயாவிடமும் சொல்லியிருந்தேன். கேள்வி காதில் விழுந்தது. அப்புறம் கீபோர்டு சத்தம் மட்டும்தான், ரொம்ப நேரத்துக்கு. என்ன யோசிக்கிறாய் என்று இன்டர்வியூ எடுத்தவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் "ஒன் மினிட்" என்றாய்.

1991இல் ரயில் பெட்டி செய்யும் கோச் ஃபேக்டரியில் எனக்கு ஃபிட்டர் ட்ரேட் டெஸ்ட். இரண்டு இரும்புத் தகட்டை அரத்தால் ராவி, ஒன்றுக்குள் ஒன்று உட்கார வைக்க வேண்டும். சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக்கூடாது. எனக்கு ஒரு மூலையில் இரண்டு இழுப்பு கூடுதலாகப் போய்விட்டது. டெஸ்ட் எடுத்தவர் கையில் வாங்கும்போதே, "இந்த மூலையில் தெரியும் சார்" என்றேன். ஏன் என்றார். வைஸ் பிடியில் தகட்டை உயரமாகக் கட்டிவிட்டேன், அது அதிர்ந்தது, அரம் நழுவியது என்றேன். பாஸ் போட்டார்.

நீயும் கம்ப்யூட்டர் கோடு எழுதி முடித்ததும் ஒரு சின்ன உதாரணத்தை எடுத்து, வரி வரியாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டிப் பார். லிஸ்ட் காலியாக வந்தால் என்ன ஆகும், ஒன்றே ஒன்று இருந்தால் என்ன ஆகும், அவர் கேட்பதற்கு முன் நீயே சொல்லிவிடு. ஒரு பெரிய சாஃப்ட்வேரை எப்படிக் கட்டுவாய் என்று கேட்கும் டிசைன் ரவுண்டில் உடனே படம் போட ஆரம்பிக்காதே. எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், எதைச் சேமிக்க வேண்டும் என்று முதலில் கேள். புதிர்ப் புத்தகத்தை எடுத்து வைத்துவிடு. கூகுளில் ஆளெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ பாக், அந்த மாதிரிப் புதிர்க் கேள்விகள் சுத்த நேர விரயம் என்று 2013லேயே சொல்லிவிட்டார்.

அடுத்தது அமேசான் என்றாய். அங்கே பார் ரெய்சர் என்று வேறு டீமிலிருந்து ஒருவர் வந்து உட்காருவார் என்று நீதான் சொன்னாய். முன்பு செய்த வேலையைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே போய் "நாங்க செஞ்சோம், நாங்க செஞ்சோம்" என்று சொல்லாதே கயலு. உங்கள் ஆபீஸ் வெப்சைட்டில் பணம் கட்டும் பக்கம் நின்றுபோன அந்த ராத்திரி, விடிய விடிய முழித்திருந்து தப்பைக் கண்டுபிடித்தது யார்? நீ. "நான்" என்று சொல். கூட இருந்தவர்களுக்கு அதில் ஒரு குறையும் வராது.

ஞாயிறு சாயங்காலம் போன் போடு. இன்டர்வியூவில் கேட்கிற மாதிரி ஒரு கோடு கணக்கை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டு. புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்பேன், கோபப்படக் கூடாது. காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரக் கருவாடு அம்மா கட்டி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுத் தம்பி புதன்கிழமை பெங்களூர் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா