அலுமாரிக்குள் உறங்கும் நுணுக்குக்காட்டிகள்: ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில் உயர்தர உயிரியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஆய்வுகூடப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கலம் பற்றிய பாடத்தில் நம் மாணவர் மனத்தில் முதலிற் பதிவது இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படமே. இழைமணியின் உள்மடிப்புகளும், 20 முதல் 30 நனோமீற்றர் அளவேயான றைபோசோம்களும் அதில் துலக்கமாகத் தெரிவதால், ஒளி நுணுக்குக்காட்டி காலம் கடந்த கருவி என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தைத் திருத்துமாறு வேண்டியே இம்மடலை எழுதுகிறேன்.

நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறனாகிய பிரிவலுவில் இலத்திரன் கருவியே மேலானது. ஜேர்மனிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் விளக்கியவாறு, வில்லையை எவ்வளவு திருத்தமாகச் செய்தாலும், ஏறத்தாழ 200 நனோமீற்றரிலும் நெருங்கிய இரு புள்ளிகளை ஒளியலை பிரித்துக் காட்டாது. அதற்கு மேல் உருப்பெருக்கினால் மங்கலே பெருகும். 1931இல் ஜேர்மனியப் பொறியியலாளர்களான ருஸ்காவும் நோலும் ஒளிக்குப் பதிலாக, அலைநீளம் மிகக் குறைந்த இலத்திரன் கற்றையைக் காந்தச் சுருள்களாற் குவித்து இந்த எல்லையைத் தாண்ட வழி திறந்தனர்.

ஆனால் அக்கற்றை வெற்றிடத்திலேயே செல்லும். ஆகவே பாடநூற் படங்களில் உள்ளவாறு கலத்தின் உள்ளமைப்பைக் காண, வழக்கமாகக் கலத்தைப் பதப்படுத்தி, நீரகற்றி, பிசினிற் பதித்து, 100 நனோமீற்றரிலும் மெல்லிய சீவல்களாக வெட்டி, பார உலோக உப்புகளாற் சாயமிட்ட பின்னரே பார்க்க இயலும். நாம் காண்பது உயிர் நீங்கிய கலத்தின் ஒரு சீவலை. படத்தின் நிறங்களும் பின்னர் தீட்டப்பட்டவை.

ஒளி நுணுக்குக்காட்டியிலோ உயிருள்ள கலத்தையே பார்க்கலாம். குளத்து நீர்த்தாவரமான ஐதரில்லாவின் இலை இரண்டே கலப்படை தடிப்பானது. சீவத் தேவையில்லை, சாயமும் வேண்டாம். ஒரு துளி நீரில் வைத்து, மூடித்துண்டால் மூடி, 40 மடங்குப் பொருள்வில்லையாற் பார்த்தால், நடுநரம்பை அண்டிய கலங்களில் பச்சையவுருமணிகள் கலச்சுவரோரமாக வரிசையாக ஓடிச் சுழல்வதைக் காணலாம். கலத்தை நிரப்பும் பாய்மமாகிய குழியவுரு ஓடுகிறது என்பதை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். முதன்முறை அதைக் கண்ணாற் கண்ட மாணவி குழாயிலிருந்து முகத்தை எடுக்கவே மறுத்தாள். எந்த இலத்திரன் நுணுக்குக்காட்டியாலும் அவளுக்கு அதைக் காட்டியிருக்க முடியாது.

இன்றைய ஆய்வும் ஒளியைக் கைவிடவில்லை. நிறமற்ற உயிர்க்கலங்களைச் சாயமின்றித் துலக்கும் அவத்தை வேறுபாட்டு முறைக்காகச் டச்சு இயற்பியலாளர் செர்னிக்கே 1953இல் நோபல் பரிசு பெற்றார். கடற்சொறி ஒன்றிலிருந்து பெற்ற பச்சைப் புளோரொளிர்வுப் புரதம், உயிருள்ள கலத்துக்குள் ஒரு குறித்த புரதம் எங்கே செல்கிறது என்பதைக் காட்டுகிறது. அதற்கான நோபல் பரிசு 2008இல் வழங்கப்பட்டது.

நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில், நல்ல கருவிகள் பழுதாகிவிடும் என்ற அச்சத்தாற் பூட்டியே வைக்கப்பட்டிருந்தன. நமது கடற்காற்றின் ஈரத்தில் வில்லைகளிற் பூஞ்சணம் படர்ந்து, கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டது. கருவியைக் கெடுத்தது மாணவர் கையன்று, பூட்டிய அலுமாரியே. சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப் புகாப் பெட்டியில் வைத்து, வாரந்தோறும் வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். அடுத்த தவணையில், கலத்தின் படத்தைக் காட்டுமுன் ஐதரில்லா இலையைக் காட்டுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.