வலிப்புக்கு லேசர்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மண்டையைத் திறக்காமலே லேசரால் வலிப்பை அடக்க முடியும்போது பழைய அறுவை எதற்கு என்று கேட்டிருந்தாய். துளையின் அளவைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பேன்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால், அது மருந்துக்கு அடங்காதது. பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010-இல் வகுத்த வரையறை இது. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த வகை. அதற்குப் பிறகும் மூன்றாவது, நான்காவது மாத்திரை என்று ஆண்டுகளைக் கடத்துகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது.

ஹிப்போகாம்பஸ், அதாவது நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதி, தழும்பேறி வலிப்பைக் கிளப்பினால், அந்தத் திசுவை லேசரால் சுட்டழிப்பது இப்படி நடக்கும். முழு மயக்கத்தில், பின்மண்டையில் 3 அல்லது 4 மி.மீ. துளை போட்டு, எலும்பில் ஒரு திருகாணியைப் பொருத்துவார்கள். அதன் வழியே, குளிர்நீர் ஓடும் உறைக்குள் லேசர் இழை ஹிப்போகாம்பஸின் நீளவாட்டில், அதன் முன்னாலுள்ள அமிக்டலா என்ற சிறு பகுதி வரை போகும். பிறகு எம்ஆர்ஐ-க்குள் வைத்து, முதலில் குறைந்த சக்தியில் சோதனைச் சூடு. நுனி சரியான இடத்தில் இருப்பது உறுதியானதும் சக்தியைக் கூட்டுவார்கள். வெப்பப் படம் சில நொடிக்கொரு முறை புதுப்பிக்கப்படும். 60 டிகிரியைத் தாண்டினால் திசு உடனே சாகும். 43-க்கு மேல் என்றால் எவ்வளவு நேரம் சூடு தங்கியது என்பதைப் பொறுத்தது. இழையருகே 90 டிகிரியை எட்டினால் லேசர் தானாக அணையும்படி வரம்பு வைப்பார்கள். திசு கருகினால் வெப்பம் பரவாது, இழையும் கெட்டுப்போகும். ஓரிடம் முடிந்ததும் இழையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து அடுத்த இடம்.

தோல்வி பெரும்பாலும் பாதையில்தான். இழை வெளிப்பக்கம் ஒதுங்கினால், வலிப்பைக் கிளப்பும் உட்பக்கத் திசு தப்பிவிடும். பக்கத்திலுள்ள மூளைத் தண்டுவட நீர் வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடும். அந்த ஓரம் வேகாது. ஹிப்போகாம்பஸின் பின்முனையான வால் பக்கம் அதிகம் சுட்டால் பார்வை நரம்புப் பாதை அடிபட்டுப் பார்வைப் புலத்தில் ஒரு பகுதி போகும். வழியில் ரத்தக்குழாயைக் கீறினால் ரத்தக்கசிவு. இத்தனைக்கும் வெளியே தெரிவது ஒரு தையல்தான்!

2001-இல் வெளிவந்த கனடா ஆய்வில், டெம்போரல் மடலில் (ஹிப்போகாம்பஸ் அமைந்துள்ள மூளையின் பக்கவாட்டுப் பகுதி) திறந்த அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 விழுக்காட்டினர், நினைவு தப்பும் வலிப்பின்றி ஓராண்டைக் கடந்தனர். மருந்து மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காடு. லேசரில் வலிப்பு நிற்பது ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சில ஆய்வுகளில் சற்றுக் கூடுதல். ஆனால் திறந்த அறுவையை விட லேசரில் பொருள்களின் பெயர் சொல்லும் திறன் குறைவாகவே பாதிக்கப்படுகிறது. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். பலிக்காவிட்டால் திறந்த அறுவைக்கும் வழி அடைபடாது. ஹைப்போதாலமஸ் ஹமார்டோமாவுக்கு (மூளையின் அடியாழத்தில் பிறவியிலேயே அமையும், புற்றல்லாத திசுத் திரட்சி) நான் லேசரையே முதலில் சொல்வேன். அந்த ஆழத்துக்குக் கத்தியோடு போவது பெரும் ஆபத்து. ஆனால் வலிப்புக்குக் காரணம் மூளைக் கட்டியோ என்ற சந்தேகம் இருந்தால் திறந்த அறுவைதான். லேசரில் ஆய்வுக்கு முழுத் திசு கிடைக்காது.

முதல் சில நாட்களில் வலிப்பு வந்தால் உடனே தோல்வி என்று எண்ணிவிடாதே, வீக்கமும் காரணமாக இருக்கும். மாத்திரையை வீட்டில் தாங்களாகவே நிறுத்திவிடுவதுதான் பெரிய தொல்லை. குறைந்தது ஓராண்டாவது தொடரச் சொல்.

நீ எழுதிய நோயாளிக்கு இடப்பக்கத் தழும்பு, சொல் நினைவாற்றல் நன்றாக இருக்கிறது என்றால் நான் லேசர் பக்கம்தான் சாய்வேன். நினைவாற்றல் சோதனை முடிவையும் வீடியோ ஈஈஜி (வலிப்பைப் படம்பிடித்தபடியே மூளை மின்னலைகளைப் பதிவது) அறிக்கையையும் அனுப்பு. இரண்டும் ஒரே பக்கத்தைக் காட்டாவிட்டால் வலிப்பு எங்கே கிளம்புகிறது என்று முதலில் மூளைக்குள் ஆழ மின்முனைகள் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்