அங்கே பாசிமாலை, இங்கே சுண்டல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கார்னிவல் பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் கடைசிப் பத்தியில், ஊரே வேஷம் கட்டித் தெருவில் இறங்கும் வழக்கம் நம்மிடம் இல்லையே என்று கட்டுரையாளர் ஏங்கியிருந்ததைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் காவேரிப்பட்டணத்துக்காரன். (காவிரிக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமில்லை, இங்கே ஓடுவது தென்பெண்ணை. பூம்புகாரோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு, அதனால் சொல்லி வைக்கிறேன்.) மாசி அமாவாசையில் அங்காளம்மனுக்கு எடுக்கிற மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் வேஷம் கட்டாத தெருவைத்தான் தேட வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். மார்டி கிரா என்பதையே முழுத் திருவிழா மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது கடைசி நாள் மட்டும்தான். என் அக்கா மகன் வேலைக்காக இரண்டு வருஷம் அங்கே இருந்தான். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளிலேயே சீசன் தொடங்கிவிடுமாம். பிறகு வாரக்கணக்கில் ஊர்வலம், ராஜா கேக், நடன விருந்து. கடைசிச் செவ்வாய் நள்ளிரவில் குதிரைப் போலீஸ் வந்து தெருவைக் காலி செய்கிறது. மறுநாள் நெற்றியில் சாம்பல் பூசி நோன்பு ஆரம்பம். நம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் அதைத் திருநீற்றுப் புதன் என்கிறார்கள், எவ்வளவு பொருத்தமான பேர்!

இன்னொன்று உங்கள் கட்டுரையாளர் கவனிக்காதது. அந்தச் செவ்வாய் ஈஸ்டருக்கு 47 நாள் முன்னால் வரும். ஈஸ்டரோ பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. அதிலிருந்து 47 நாளைப் பின்னோக்கி எண்ணினால் கணக்கு எப்போதும் ஓர் அமாவாசையின் பக்கத்தில் போய் நிற்கும். 2022இல் மார்ச் 1 மகா சிவராத்திரி, அன்றுதான் மார்டி கிராவும். 2026இல் பிப்ரவரி 17 மாசி அமாவாசை, அவர்களுடைய செவ்வாயும் அதே நாள். 2024 போலச் சில வருஷம் ஒரு மாதம் தள்ளிப்போகும். அவர்களுக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவர்களைத் தெரியாது, நிலா மட்டும் ஒன்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கட்டுரையில் நான் இரண்டு முறை படித்த இடம், அங்கே கறுப்பினத்து ஆண்கள் இறகும் பாசியும் கோத்து உடை தைக்கிறார்களே, அந்தப் பகுதி. தப்பி ஓடிய அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்த பூர்வகுடிகளின் நினைவாக அந்த வேஷம். வருஷம் முழுக்கக் கையாலேயே தைக்கிறார்கள். அடுத்த வருஷத்துக்குப் புதிது. சில உடை நூறு பவுண்டு எடைக்கும் மேலாம். படத்தில் அந்தத் தையலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

ஏனென்றால் மாசி பிறந்தால் எனக்கும் காளிப் பாவாடை தைக்கும் வேலை வந்துவிடும். சிவப்புச் சேலையை வெட்டி, கீழே ஜரிகைக் கரை வைத்து, இடுப்பில் நாடா. பெண்கள் அளவு சரிப்பட்டு வராது, கட்டுகிறவர் லாரி ஓட்டுகிறவராகவோ மூட்டை தூக்குகிறவராகவோ இருப்பார். காலையில் விரதத்தோடு வந்து உட்காருவார். முகத்துக்கு நீலம், தலைக்குச் சடைமுடி, முதுகில் கட்டைக் கைகள், கடைசியில் தகர நாக்கு. நாக்கு மாட்டியபின் பேச முடியாது. போன வருஷம் ஒரு காளி என் கடை வாசலில் நாக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தார். குடித்து முடித்ததும் வேட்டி முனையில் துடைத்து மறுபடி மாட்டினார். அந்த நிமிஷத்திலிருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. "அம்மா" என்றுதான் கூப்பிட வேண்டும், அவருடைய பெண்டாட்டி உட்பட.

கதை உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளிவிட, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. போடுகிற பிச்சையை எல்லாம் அதுவே தின்றுவிடும், அவருக்குப் பட்டினி. அம்மன் மயானத்தில் சோற்றைச் சூறைவிட்டாள். தின்கிற ஆசையில் கபாலம் கீழே இறங்க, அவள் அங்காளியாக வளர்ந்து மிதித்துவிட்டாள். மேல்மலையனூரில் சொல்கிற அதே கதைதான். அதனால்தான் நாங்களும் மயானத்தில் கொழுக்கட்டையும் சுண்டலும் வாரி இறைக்கிறோம். விவசாயிகள் விளைந்ததைக் கொண்டுவந்து வீசுவார்கள், சிலர் சில்லறைக் காசு வீசுவார்கள். எட்டு வயதில் எனக்கு மண்டையில் ஒரு கத்தரிக்காய் விழுந்தது. அழப்போனேன், அம்மா அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். அப்புறம் என்னைக் காளிமுன் தள்ளி, முறத்தால் தலையில் ஒரு அடியும் வாங்கிக் கொடுத்தாள். பயந்த கோளாறு போய்விடுமாம்.

அங்கேயும் வண்டிமேல் நின்று வீசுகிறார்கள், ஆனால் பாசிமாலை. 2018 தொடக்கத்தில் வெளியான கணக்குப்படி, ஒரே சாலையின் ஐந்து தெரு நீளத்துக்குச் சாக்கடையைத் தூர்வாரியபோது 93,000 பவுண்டு பாசிமாலை கிடைத்ததாம், நம் கணக்கில் 42 டன். என் அக்கா மகன் கொண்டுவந்த ஊதா மாலை ஒன்று கடையில் அம்மன் காலண்டருக்கு மேல் தொங்குகிறது. நாங்கள் வீசுவதை மறுநாள் காக்கை தின்றுவிடும். மிச்சம் கிடப்பது தண்ணீர் பாக்கெட் உறைதான், அதைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இப்போது என் குறை. கார்னிவலுக்கு நான்கு பக்கம் தருகிறீர்கள். அதில் யார் தைக்கிறார், யார் வண்டி கட்டுகிறார், கேக்குக்குள் என்ன ஒளித்து வைக்கிறார்கள் எல்லாம் இருக்கிறது. மயானக் கொள்ளைக்கு மட்டும் பத்திரிகைகள் எல்லாமே வருஷா வருஷம் போடுவது ஒரே படம்: கோழியின் கழுத்தைக் கடிக்கிற ஆள். கீழே "பரபரப்பு" என்று ஒரு வரி. கோழி கடிப்பது இல்லை என்று நான் சொல்லவரவில்லை, இருக்கிறது. எனக்கே அந்த நேரத்தில் கண் வேறு பக்கம் திரும்பிவிடும். ஆனால் முறம் பின்னுகிறவர், முதல்நாள் ராத்திரி கொழுக்கட்டை பிடிக்கிற பெண்கள், மயானத்தில் படுத்த கோலத்தில் அம்மனை மண்ணால் வனைகிறவர், கடைசியில் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிற கிழவி, இவர்கள் யாரும் எந்தப் படத்திலும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ்காரன் முகமூடி போட்டால் பண்பாடு, எங்கள் லாரி டிரைவர் நாக்கு மாட்டினால் பரபரப்பா?

வருகிற மாசிக்கு ஒரு நிருபரையும் புகைப்படக்காரரையும் அனுப்பி வையுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் பஸ் உண்டு. அமாவாசை அன்று வந்தால் பாதிதான் கிடைக்கும், வேஷம் கட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் முதல்நாளே வரச் சொல்லுங்கள். என் கடையில் பெஞ்சு இருக்கிறது. புதுச்செருப்பு மட்டும் போட்டு வர வேண்டாம், ஆற்றங்கரைக் கூட்டத்தில் விட்டால் திரும்பக் கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.