கழுத்துல நம்பர் இல்லைன்னா திருட்டு வண்டியா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். டெல்டா பக்கம் கடலோர ஊர்ல 26 வருஷமா டூவீலர் மெக்கானிக்கா இருக்கேன், பேப்பருக்கு எழுதுறது இதுதான் மொத தடவை, நீளமா போனா வெட்டிக்குங்க. பழைய பைக் வாங்குறவங்க வண்டி பிரேம்ல அடிச்சிருக்கிற சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோட ஒத்துப் பாத்து வாங்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா பாக்குற எடத்துல நம்பரே காணோம்னா என்ன பண்றதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க, அதான் எழுதுறேன்.

போன மாசம் தெரிஞ்ச பையன் ஒருத்தன் 2008 மாடல் ஸ்ப்ளெண்டர் ஒண்ணைத் தள்ளிக்கிட்டு வந்தான். 14,000 ரூபா குடுத்து வாங்கினதாம், புக்கு ஒரிஜினல்தான், ஆனா 15 வருஷம் முடிஞ்சு ரினிவல் பண்ணாத வண்டி. ரினிவலுக்குக் கொண்டு போனா பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியோட கழுத்துல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு நம்பர் இல்ல, எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டாராம். "அண்ணே, திருட்டு வண்டியாண்ணே?"ன்னு கேட்டான், மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு.

ஹேண்டிலை இடது பக்கம் முழுசா ஒடிச்சு கோன் செட்டு (ஹேண்டில் திரும்புற பேரிங்) இருக்கிற கழுத்துக் குழாயோட வலது பக்கம் பாத்தேன், அங்கதான் ஸ்ப்ளெண்டருக்கு நம்பர் அடிச்சிருப்பாங்க. வழவழன்னு கறுப்பா பவுடர் கோட்டிங் பளபளக்குது, எழுத்துன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. இந்த மாதிரி எடத்துல நம்ம ஆளுங்க செய்ற மொத தப்பு உப்புத்தாள எடுத்து தேய்க்கிறது. தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க, இருக்கிற கொஞ்ச தடமும் போயிரும், அப்புறம் நீங்கதான் அழிச்சீங்கன்னு ஆயிரும். பெயின்ட் ரிமூவரைத் தடவி பத்து நிமிஷம் விட்டு பழைய டூத் பிரஷ்ஷால மெதுவா எடுத்தேன். லைட்டை நேரா அடிச்சா தெரியாது, பக்கவாட்டுல சாச்சு அடிக்கணும். மேல ஒரு தாளை வச்சு பென்சில சாச்சு உரசினா மொதல்ல எம்.பி.எல்.னு வந்துச்சு, அது ஹீரோ ஹோண்டாவோட எழுத்து. நடுவுல நாலஞ்சு எழுத்து துரு தின்னுருச்சு, ஆக்ஸிலேட்டர் கேபிளும் ஒயரிங்கும் வருஷக்கணக்கா உரசுற எடம் அதுதான், நம்ம ஊர் உப்புக்காத்தும் சேந்தா கேக்கணுமா. கடைசி அஞ்சு எண் சுத்தமா வந்துச்சு, ஆர்.சி.யோட ஒத்துப்போச்சு.

அதோட விடல. இஞ்சினுக்கு இடது பக்கம் கீழ, கியர் லிவர் கிட்ட, டீசலப் போட்டு மண்ணைத் தொடச்சா இஞ்சின் நம்பர், அதுவும் புக்குல உள்ளதுதான். ஆனா இஞ்சின் நம்பரை மட்டும் நம்பி வண்டிய அடையாளம் சொல்லக் கூடாதுங்க, இஞ்சின மாத்துறது எங்க தொழில்ல அரை நாள் வேலை. ஸ்ப்ளெண்டர் பிரேம்ல பேஷன் டேங்க், பேஷன் இஞ்சின்னு ஓடுற வண்டிங்க எங்கூர்லயே எத்தனையோ இருக்கு, ரெண்டும் அதே 97.2 சிசிதான். டயர்ல தேதி பாக்கலாமேன்னு சிலர் சொல்லுவாங்க, அது டயரோட வயசுதான, வண்டியோட வயசு இல்ல.

திருட்டுக் கை பட்டிருந்தா வேற மாதிரி இருக்கும். கிரைண்டர் வச்ச எடம் உருண்டைக் குழாய்ல தட்டையா தெரியும், விரல வச்சாலே புரியும். கையால பஞ்ச் அடிச்சிருந்தா ஒரு எழுத்து ஆழமா ஒண்ணு லேசா, வரி ஏறி இறங்கி நிக்கும். 17 எழுத்து சேஸிஸ் நம்பர்ல ஐ, ஓ, க்யூ மூணும் வரவே வராது, அதுல ஒண்ணு இருந்தா யாரோ வீட்ல உக்காந்து அடிச்சதுன்னு அர்த்தம். ஆனா ஆர்.எக்ஸ். 100 மாதிரி பழைய வண்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதுங்களுக்கு 17 எழுத்தே கிடையாது. நாலு வருஷம் முன்னாடி கழுத்து தட்டையா இருந்த ஒரு வண்டி வந்துச்சு, நான் கை வைக்கல, ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்க் காட்டுன்னு சொன்னேன், கொண்டு வந்த ஆள் அப்புறம் இந்தப் பக்கமே வரல.

நான் கேக்குறது இதான். பாதி கேஸ்ல நம்பரை அழிச்சது திருடன் இல்ல, பட்டறைதான். பழசப் புதுசாக்குறேன்னு பிரேமை மணல் அடிச்சு, பட்டி போட்டு, மேல தடியா கோட்டிங் ஏத்துறாங்க, நம்பர் மேல ஒரு டேப் ஒட்டிட்டு அடின்னு சொல்ல ஆள் இல்ல. நம்பர் வண்டியில அடிச்சிருக்கணும்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதியில 122-வது விதி இருக்கு, சரி. தானா தேஞ்சு போனவன் எந்த மேசைக்குப் போகணும், எந்த மனு குடுக்கணும்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு போர்டாவது வைக்கலாமே? முழுசா அழிஞ்ச நம்பரையே மருந்து போட்டு வெளிய கொண்டு வர்ற வசதி மயிலாப்பூர் தடய அறிவியல் துறையில இருக்கு, பஞ்ச் அடிக்கும்போது அடியில அழுந்துன இரும்பு மேல தேச்சாலும் தடம் வச்சிருக்குமாம், ஆனா அது போலீஸ் வழியா கேஸுன்னு போனாத்தான். 14,000 ரூபா வண்டிக்காரன் அதுக்கு எங்க போவான்? ஆர்.சி.யும் இஞ்சினும் மிச்ச எண்ணும் ஒத்துப்போனா, திருட்டுப் பட்டியல்லயும் இல்லைன்னா, அதிகாரி கண்ணு முன்னாடியே திரும்ப பஞ்ச் பண்ணி புக்குல எழுதிக் குடுக்கட்டும்.

பையன் அந்த பென்சில் தாளை லேமினேஷன் போட்டு வச்சிருக்கான், மூணு தடவை ஆபீஸ் போய்ட்டு வந்துட்டான். வண்டி என் கடைக்குப் பின்னாடி தார்ப்பாய் மூடி நிக்குது, கழுத்துல துரு ஏறாம இருக்க வாரத்துக்கு ஒருக்கா கிரீஸ் தடவுறேன்.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்