உன் 250 யார்டு பற்றி

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. தேயிலைப் பொட்டலமும் பிரியாமல் வந்து சேர்ந்தது. மீனா அன்றைக்கே ஒரு டம்ளர் போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கடைத்தூள் வாங்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாள். அவள் முழங்கால் இப்போது பரவாயில்லை. மாடிப்படி தானாகவே ஏறிவிடுகிறாள், இறங்கும்போதுதான் என் தோள் வேண்டியிருக்கிறது. பேத்தி ஏழாம் வாய்ப்பாட்டில் நிற்கிறாள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள், எண்ணிக் காட்டச் சொல்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில், கோல்ஃப் பற்றிச் சொல்லும்போது, போகிற போக்கில், "இப்பவும் டிரைவரை எடுத்தா 250 யார்டு சர்வ சாதாரணமாப் போகுது" என்று எழுதியிருக்கிறாய். முதல் அடிக்கு எடுக்கும் அந்த நீள மட்டையால் 250 யார்டு! உனக்கு 66 வயது. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஆடுகிறவன். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். உன்னைப் பொய்யன் என்று சொல்ல வரவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் வரை நானும் கேட்டவர்களிடமெல்லாம் 230 என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

நடந்தது இதுதான். பையன் லீவில் வந்தபோது, தூரம் அளக்கும் லேசர் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். கண்ணில் வைத்துக் குழியில் நட்ட கொடியைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினால் எத்தனை யார்டு என்று காட்டும். (போன வருஷம் நான் புது டிரைவர் வாங்கியதை மீனாவிடம் சொன்னபோது, நம்மிடம் ஓடுவது ஒரு பழைய ஆல்டோ, அதற்கு எதற்கு டிரைவர் என்று கேட்டாள். விலையைச் சொன்ன பிறகு, அதற்கு ஆள் டிரைவரே தேவலாம் என்றாள். அதனால் லேசரை நான் கேட்கவில்லை, அவனாக வாங்கி வந்தான் என்பதை அடித்துச் சொல்லிவிட்டேன்.) முப்பது வருஷம் மீட்டர் பார்த்தே பிழைத்தவன் நான். கையில் ஒரு கருவி வந்தால் சும்மா இருக்குமா?

பத்து சனிக்கிழமை, ஒரு நாளைக்கு நாலு ஹோல். நான் அடித்துவிட்டுப் பந்து கிடக்கும் இடத்துக்குப் போவேன். பை தூக்கும் என் கேடி முருகன் டீயிலேயே, அதாவது முதல் அடி அடிக்கும் மேடையிலேயே, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். பந்துக்குப் பக்கத்தில் நின்று குடையைக் குறிபார்த்து அளப்பேன். நோட்டில் எழுதுவேன். கூட ஆடுகிறவர்கள் முதல் வாரம் சிரித்தார்கள், மூன்றாம் வாரம் திட்டினார்கள். ஐந்தாம் வாரம் அவர்களில் ஒருவர் மெதுவாக என்னிடம் வந்து, "என்னோடதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பார்த்தேன். அதற்கப்புறம் அவர் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை.

மொத்தம் 40 டிரைவ். மிக நீளமானது 236. அது வெயிலில் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்த ஃபேர்வே என்ற புல்வெளிப் பாதையில் உருண்டு உருண்டு போனது. சராசரி 189. பந்தின் தலையில் தட்டித் தரையோடு உருண்டு நின்ற சங்கதிகள் ஐந்து. அவற்றைத் தள்ளிவிட்டுக் கூட்டினாலும் 203தான் வருகிறது. இரவு நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். கால்குலேட்டரிலும் போட்டேன்.

அப்படியென்றால் அந்த 230 எங்கிருந்து வந்தது? கொஞ்ச நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பாதி விடை அந்த 236இல் இருக்கிறது. அதை அடித்த அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது மட்டும்தான் நினைவில் இருந்தது. அதே காலையில் 70 யார்டில் புல்லுக்குள் புதைந்த பந்தை நினைக்கவே இல்லை. கல்யாணத்துக்குப் போய் வந்தவன் பாயசத்தைப் பற்றியே பேசுவது மாதிரி.

மீதிப் பாதிதான் சுவாரசியம். நாம் தூரத்தை எப்படிக் கணக்குப் போடுகிறோம் என்று யோசி. ஸ்கோர் கார்டில் ஒரு ஹோலுக்கு 370 யார்டு என்று போட்டிருக்கிறது. அடித்த பந்து, குழி இருக்கும் கிரீனுக்கு இன்னும் 150 யார்டு என்று காட்டும் கம்பத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. 370இல் 150 போனால் 220. பேஷ் என்று முதுகில் தட்டிக்கொள்கிறோம். ஆனால் கார்டில் இருப்பது டீ மேடையில் பதித்த தகட்டிலிருந்து அளந்த தூரம். புல் தேயக் கூடாது என்று மாலி அன்றைக்கு டீக் குறிகளை 20 யார்டு முன்னால் நகர்த்தி வைத்திருப்பார். அது நம் கண்ணில் படாது. அந்த ஹோல் இடது பக்கம் வளைகிறது. கார்டுத் தூரம் ஃபேர்வேயின் நடுவோடு வளைந்து போய் அளந்தது. நம் பந்தோ மூலையைக் குறுக்கே வெட்டிப் போயிருக்கிறது. அதில் ஒரு பத்து யார்டு. ஆக 190 யார்டு அடித்துவிட்டு 220 என்று நம்புகிறோம். யாரும் புளுகவில்லை. கழித்தல் கணக்கும் சரி. வருஷக்கணக்காக இப்படிச் சேர்ந்ததுதான் என் 230.

இது நம் இருவரின் வியாதி மட்டும் இல்லை. பிரிட்டனில் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1996 முதல் சாதாரண கிளப் ஆட்டக்காரர்களின் டிரைவை அளந்து வந்திருக்கிறது. ஆண்களின் சராசரி அப்போது 200 யார்டு. 2019இல் 216. நடுவில் டைட்டானியம் டிரைவர் பரவியது, தலை பப்பாளிப் பழம் அளவுக்கு வீங்கியது, பந்து மாறியது. அவ்வளவுக்கும் சேர்த்து 16 யார்டுதான் கூடியிருக்கிறது. ஹேண்டிகேப், அதாவது ஆட்டக்காரருக்குச் சலுகையாகத் தரும் அடிகளின் எண், 6க்குக் கீழே இருக்கும் கெட்டிக்காரர்களே சுமார் 240தான். 21க்கு மேல் உள்ளவர்கள் 180ஐத் தொடுவதில்லை. உன் ஹேண்டிகேப் 17. கணக்கை நீயே பார்த்துக்கொள்.

டிவியில் பார்ப்பவர்களை நினைத்துக்கொண்டு நாம் கெட்டுப்போகிறோம் என்பதும் உண்டு. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிஜிஏ டூரில் 1980இல் டிரைவ் சராசரி 257 யார்டு அளவில் இருந்தது. அந்த வருஷம் எல்லோரையும்விட நீளமாக அடித்த டான் போலின் சராசரியே 274தான். ஒரு சீசன் முழுக்க 300க்கு மேல் சராசரி காட்டிய முதல் ஆள் ஜான் டேலி, 1997இல். அங்கே அளப்பதற்கு எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு ஹோல்களைத் தேர்ந்தெடுப்பார்கள், காற்றின் தயவு ஒன்றில் கிடைத்தால் இன்னொன்றில் கழிந்துவிடட்டும் என்று. நல்லது கெட்டது எல்லாமே அந்த அளவில் சேரும். நீயும் நானும் அப்படியா அளக்கிறோம்? காற்று முதுகில் அடித்த நாளை மட்டும் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறோம்.

மைக் ஆஸ்டின் 64 வயதில் 515 யார்டு அடித்தாரே என்று நீ கிளம்புவாய், தெரியும். 1974இல், லாஸ் வேகஸில், மரத் தலை டிரைவரால். நிஜம்தான். பின்னால் அன்று பலத்த காற்று வீசியதும் நிஜம்தான்.

உன் விஷயத்தில் ஒரு தள்ளுபடி தர வேண்டியிருக்கிறது, அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நீ ஆடுவது ஊட்டியில். 7,300 அடிக்கு மேல். அங்கே காற்று மெலிந்தது, பந்தைப் பிடித்து இழுப்பது குறைவு. ஆயிரம் அடி ஏறினால் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூரம் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் சென்னையில் 200 போகிற பந்து உன் ஊரில் 215, 216 போகலாம். காலைக் குளிர் அதில் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். நீ சொல்லும் 250ஐ அப்படியே எடுத்துக்கொண்டாலும், நந்தனத்தில் வந்து அடித்தால் அது 230தான். அதோடு உங்கள் ஊர் கோர்ஸில் சமதளம் என்று எத்தனை ஹோல் இருக்கிறது? மேட்டில் நின்று பள்ளத்தைப் பார்த்து அடித்துவிட்டு அதையும் கணக்கில் சேர்க்கிறாய் என்று எனக்குச் சந்தேகம்.

போனால் போகிறது, சொல்லிக்கொள்வதில் என்ன நஷ்டம் என்று கேட்பாய். நஷ்டம் டிரைவரில் இல்லை, அடுத்த அடியில். எனக்குச் செவன் அயர்ன், அந்த ஏழாம் நம்பர் இரும்பு மட்டை, 150 யார்டு என்று பத்து வருஷமாக ஒரு நினைப்பு. ஏதோ ஒரு நாள், முப்பதாவது வயதிலோ என்னவோ, போயிருக்கும். லேசரில் பார்த்தால் காற்றில் பறப்பது 130, அப்புறம் தரையில் ஓடுவது கொஞ்சம். மணல் பங்கரும் குளமும் கிரீனுக்கு முன்னால்தான் இருக்கின்றன. தண்ணீர்மேல் பந்து உருளாதே. பறக்கிற தூரம்தான் அங்கே செல்லும். நான் அந்தக் குளத்துக்குத் தானம் செய்த பந்துகளைத் திரட்டினால் ஒரு கடை வைக்கலாம்.

இந்த இடத்தில் முருகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேடி என்ற பெயருக்கு இரண்டு அர்த்தத்திலும் பொருத்தமான ஆள். ஒன்பது வருஷமாக எனக்குப் பை தூக்குகிறான். பத்தாவது சனிக்கிழமை, குளத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு வழக்கம்போல "எவ்வளவு?" என்றேன். "155 சார், அஞ்சு எடுங்க" என்றான். (ஏழைவிட அஞ்சு தூரம் போகிற மட்டை.) பழக்க தோஷத்தில் கையில் இருந்த லேசரைக் கண்ணில் வைத்தேன். 138 என்று காட்டியது. கொடியைத்தான் பார்த்தேனா என்று மறுபடி அமுக்கினேன். 138. "ஏண்டா, 155ன்னு சொன்னே?" என்றேன். அவன் பையின் வாரைச் சரிசெய்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான். "138ன்னு சொன்னா நீங்க ஏழு எடுப்பீங்க சார். தண்ணிக்குள்ள போகும். அப்புறம் என்னைத்தானே திட்டுவீங்க" என்றான்.

எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டேன். "ரெண்டாவது வருஷத்துலேர்ந்து" என்றான். எனக்கு மட்டும்தானா என்றும் கேட்டேன். அதற்குச் சிரித்தான், பதில் சொல்லவில்லை. அவன் மனதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கூட்டல் எண் வைத்திருக்கிறான் போல. என்னுடையது 17. அஞ்சாம் நம்பரை வாங்கி அடித்தேன். கிரீனில் போய் விழுந்தது. ஒன்றும் பேசாமல், குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டரைக் கையில் கொடுத்தான்.

ஹேண்டிகேப் சங்கதி இதற்குத் தலைகீழ், அதுதான் வேடிக்கை. தூரத்தில், நம் மிகச் சிறந்ததை எடுத்துச் சராசரி என்கிறோம். ஹேண்டிகேப்போ சட்டப்படியே நம் நல்ல நாட்களின் கணக்கு, அதைப் போய்ச் சராசரி என்று நினைத்துக்கொள்கிறோம். 2020இல் வந்த உலகப் பொதுமுறையில், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை மட்டும் எடுக்கிறார்கள். மீதிப் பன்னிரண்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஆக ஹேண்டிகேப் 18 என்றால் தினமும் 72 அடி என்று வகுத்த (அதுதான் பார்) கோர்ஸில் 90 அடிப்பான் என்று அர்த்தமில்லை. நாலைந்து ஆட்டத்துக்கு ஒருமுறைதான் அந்த எண்ணுக்கு ஆட முடியும். மற்ற நாட்களில் இரண்டு, மூன்று, நாலு கூடும். என் 18ஐ எடுத்து என் கடைசி இருபது கார்டுகளோடு வைத்துப் பார்த்தேன். அந்த எண்ணை எட்டியது நாலே நாலு முறை. இது தெரியாமல், "இன்னிக்கு என் ஹேண்டிகேப்புக்கு ஆடலையே" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருக்கிறேன் தெரியுமா? மீனாதான் பாவம்.

இதிலும் தில்லுமுல்லு உண்டு. மோசமான கார்டை மறந்தாற்போல் பதிவு செய்யாமல் விடுவது, குழிக்கு மூன்றடியில் கிடக்கும் பந்தைத் தட்டாமலே "கிம்மி" என்று எடுத்துவிட்டுப் போட்டதாக எழுதிக்கொள்வது, முதல் டீயில் அடி சரியில்லை என்றால் இரண்டாவது பந்து அடிப்பது. இப்படித்தான் ஹேண்டிகேப் 20 உள்ளவர் 14 ஆகிறார். எதிர்த்திசை ஆளும் இருக்கிறார். நல்ல கார்டை ஒளித்து, 22இல் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, போட்டி நாள் வந்ததும் 12 மாதிரி ஆடிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர். நமக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் என்னைக் கேட்டால் 14 என்று சொல்லிக்கொள்கிறவர்தான் பரிதாபம். பந்தயம் கட்டிய ஒவ்வொரு வாரமும் டிபன் செலவு அவருடையது. என் பழைய கார்டுகளைப் புரட்டிய பிறகு நானும் பாதி அந்த ரகம்தான் என்று புரிந்தது. இப்போது எல்லாக் கார்டையும் போடுகிறேன். 18 போய் 20.6 ஆகிவிட்டது. போன மாதம் இரண்டு தடவை டிபன் எனக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று. நானும் கூட்டாளிகளும் முன் டீக்கு மாறிவிட்டோம். அமெரிக்காவில் 2011இல் கொண்டுவந்த ஒரு பரிந்துரை இருக்கிறது: 200 யார்டு அடிக்கிறவனுக்கு மொத்தம் 5,200 முதல் 5,400 யார்டு உள்ள கோர்ஸ் போதும் என்கிறது. நாங்கள் இத்தனை நாள் ஆயிரம் யார்டு கூடுதலாக நடந்து செத்துக்கொண்டிருந்தோம். முதல் நாள் முன் டீயில் நிற்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டாவது ஹோலில் மூன்றாவது அடியிலேயே பந்து கிரீனில் நின்றது, ஒரே பட்டில் குழிக்குள் போட்டுப் பார் கணக்கில் முடித்தேன். கூச்சம் போய்விட்டது.

மே மாதம் மீனாவும் நானும் ஊட்டிக்கு வருகிறோம். தங்கச்சியிடம் சொல்லிவை, ஒரு வாரம் தொந்தரவு. லேசரையும் எடுத்து வருகிறேன். உங்கள் ஊரில் மஞ்சள் பூ பூக்கும் முட்புதர் ஃபேர்வே ஓரமெல்லாம் இருக்கிறதே, அதற்குள் போகாத ஒரு டிரைவ் நீ அடித்தால் போதும், நானே நடந்து போய்ப் பந்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். நீ டீயில் குடையைப் பிடித்துக்கொண்டு நில். நேராகப் பிடி, முருகன் மாதிரி. அதற்கு முன்னால், இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது இன்னும் 250தானா, கொஞ்சம் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி போடு.

உன்,
ராமு

பி.கு: பொட்டலத்தில் பாதி காலி. அடுத்த தடவை பெரியதாக அனுப்பு. எடையை நீ சொல்ல வேண்டாம், வீட்டில் தராசு இருக்கிறது.