ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை: காலியாகக் கிடக்கும் தட்டு

பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படக்கதைகள் இருக்கின்றன. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தந்த நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலை வரிசைச் சிறுநூல்களும் நல்ல ஏணிதான். அதற்கு மேல் பல பள்ளி பீரோக்களில் இருப்பவை தலைவர்கள் வரலாறு, நீதிக்கதை, பொது அறிவு. அப்புறம் ஒரே தாவலாகப் பொன்னியின் செல்வன். பிள்ளைகள் வாசிப்பை விடுவதற்குக் கைபேசியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஐந்து பாகங்களையும் அத்தனை பாத்திரங்களையும் பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தால், முதல் பாகத்தின் பாதியிலேயே மூடிவிடும். 'எனக்குப் படிக்க வராது' என்றும் முடிவு கட்டிக்கொள்ளும். கல்கியைத்தான் கொடுக்க வேண்டுமென்றால் அளவில் சிறிய பார்த்திபன் கனவு போதும், அதுவும் எட்டாம் வகுப்புக்குப் பிறகு.

ஆறாம், ஏழாம் வகுப்புக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' வாங்குங்கள். கீழடியைப் பாடமாக இல்லாமல் கதையாகத் தருகிறது. 2023இல் சாகித்திய அகாதெமியின் சிறார் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. 2020இல் அதே விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' தவறான தொடுதலைப் பற்றிப் பேசுகிறது. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள், பையன்களும் படிக்க வேண்டும். கொடுக்கும் ஆசிரியர் முதலில் படித்திருக்க வேண்டும், ஏனென்றால் படித்த பிள்ளை ஏதாவது சொல்ல வரலாம். ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளி நாட்களைச் சொல்லும் 'டோட்டோ-சான்' மொழிபெயர்ப்பை ஆசிரியர்களே வாங்கித் தாங்களே வைத்துக்கொள்வது வழக்கம். ரயில் பெட்டி வகுப்பறைகளும் மரம் ஏறுதலும் பிள்ளைகளுக்கும் உரியவை.

சாகசம் கேட்கும் எட்டாம் வகுப்புக்கு ஜெயமோகனின் 'பனிமனிதன்'. பறவை, காடுமேடு என்று அலையும் பிள்ளைக்குக் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்', கரிசல் வழக்கு முதலில் தடுக்கும், முதல் சில பக்கங்களை நீங்களே உரக்கப் படித்துக் காட்டினால் காது பழகிவிடும். இரா. நடராசனின் 'ஆயிஷா' ஒரே பாடவேளையில் முடிந்துவிடும் அளவு. ஆனால் முடிவு கனமானது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து படித்து, பேசுவதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

நாற்பது தலைப்பில் ஒவ்வொரு படி வாங்காதீர்கள். எட்டுத் தலைப்பில் ஐந்தைந்து படி வாங்குங்கள். இந்த வயதில் நண்பன் படிப்பதைத்தான் இவனும் படிப்பான், ஒரே படி இருந்தால் அந்தப் பேச்சே எழாது. வாங்குமுன் உள்ளே பிரித்துப் பாருங்கள்: எழுத்து பொடியாக, வரிகள் நெருக்கமாக இருந்தால் எவ்வளவு நல்ல கதையானாலும் தங்காது. அத்தியாயம் ஐந்தாறு பக்கத்துக்குள் முடிவது நல்லது. ஏதாவதொரு பக்கத்தைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் பொருள் தெரியாமல் நின்றால் அந்தப் புத்தகத்தை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள்.

பூட்டிய பீரோ வேண்டாம். முகப்பு அட்டை தெரியும்படி வகுப்பறைக் கம்பியில் தொங்கவிடுங்கள். கிழிந்தால் அபராதம் என்றால் பிள்ளை எடுக்கவே எடுக்காது. ஒட்டு நாடாவும் பசையும் அருகிலேயே இருக்கட்டும். படித்ததற்குக் கட்டாய விமர்சனக் கட்டுரை கேட்டால் அதுவும் வீட்டுப்பாடமாகிவிடும். இரவல் பதிவேட்டில் பெயர், தேதியோடு 'பாதியில் விட்டேன்' என்றொரு கட்டம் சேருங்கள். அடுத்த முறை எதை வாங்கக் கூடாது என்று அது சொல்லும்.

மாவட்டப் புத்தகக் காட்சிக்கு வாங்கப் போகும்போது ஏழாம் வகுப்பிலிருந்து இருவரையும் ஒன்பதிலிருந்து இருவரையும் உடன் அழைத்துச் சென்று, பட்டியலில் பாதியை அவர்களிடம் விடுங்கள்.

இப்படிக்கு,
சிறார் வாசிப்பில் அக்கறை கொண்டோர்