அங்கோரில் வலம் வராதே, இடம் வா

நாகர்கோவில்

மக்களே,

நீ அனுப்பிய டிசம்பர் லீவுத் திட்டத்தைப் பார்த்தேன். ஒரே நாளில் கம்போடியாவின் அங்கோரில் ஏழு கோயில், மறுநாள் பாங்காக். பாங்காக்கை வெட்டிவிடு. அங்கோருக்கு ஒருநாள் சீட்டு 37 அமெரிக்க டாலர், மூன்றுநாள் சீட்டு 62 டாலர். மூன்று நாளும் அடுத்தடுத்துப் போக வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். சீட்டில் அவரவர் முகப்படம் இருக்கும். அதனால் வேறு யாராவது வாங்கித் தருகிறேன் என்றால் நம்பாதே. மாலை ஐந்து மணிக்கு மேல் கவுண்டரில் வாங்கினால் மறுநாளிலிருந்துதான் கணக்கு. குட்டிக்குப் பன்னிரண்டு வயது ஆகாததால் சீட்டு வேண்டாம், வயதைக் காட்ட அவள் பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும்.

அங்கோரின் பெரிய கோயிலான அங்கோர் வாட் காலை ஐந்து மணிக்குத் திறக்கும். கோயில் மேற்குப் பார்த்தது, அதனால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழும். இடப்பக்கக் குளக்கரையில், நம்ம கன்னியாகுமரியில் போலவே, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டம் நெருக்கியடிக்கும். நடுக்கோபுரத்தின் உச்சியில் சூரியன் உட்காருகிற படத்தை எதிர்பார்த்துப் போகாதே. அது மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகிற நாட்களை ஒட்டித்தான். டிசம்பரில் சூரியன் தெற்கே ஒதுங்கியிருக்கும், கோபுரத்துக்கு வலப்பக்கம் எழும்.

விடிந்ததும் பாதிக் கூட்டம் காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடும். நீங்கள் அப்போது உள்ளே போங்கள். பார்க்க வேண்டியது முதல் சுற்றுப் பிராகாரத்தின் புடைப்புச் சிற்பங்கள். சுசீந்திரத்தில் நடக்கிற பழக்கத்தில் கால் தானாக வலம் வரத் திரும்பும். அங்கே அப்படிப் போனால் கதை பின்னாலிருந்து வரும். சிற்பங்களை இடம் வருகிற, அதாவது வலத்துக்கு எதிராகச் சுற்றுகிற, வரிசையில் அமைத்திருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய விஷ்ணு கோயில் இது. மேற்கு வாசலும் இந்த இடச்சுற்றும் சேர்ந்ததால்தான் இதை அரசனின் ஈமக்கோயில் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள்.

மேற்கு வாசலில் நுழைந்து வலக்கைப் பக்கம் திரும்பு, சுவர் உன் இடக்கைப் பக்கம் இருக்கட்டும். முதலில் குருக்ஷேத்திரம், அம்புகள் தைத்த பீஷ்மரைத் தேடிப் பார். தெற்குப் பிராகாரத்தில் முதலில் சூரியவர்மனின் படை, அதை விரைவாகக் கடந்தாலும் நஷ்டமில்லை. அடுத்தது யமனும் சித்திரகுப்தனும், சொர்க்கங்களும் நரகங்களும். குட்டிக்குக் கதை சொல்ல அங்கே நிறைய இருக்கிறது. மூலை திரும்பினால் கிழக்குப் பிராகாரத்தில் பாற்கடல் கடையும் காட்சி, கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். முதலில் அசுரர் வரிசை, நடுவில் ஆமைமேல் மத்தும் விஷ்ணுவும், அப்புறம் தேவர் வரிசை. மத்துக்குப் பக்கத்தில் குனிந்து கீழ்வரிசையைப் பார்: சுழலில் சிக்கிய மீன்கள் துண்டுதுண்டாக அறுபட்டுக் கிடக்கும். இந்தச் சுவருக்குக் காலை வெளிச்சம் நல்லது. விரலால் தடவ மட்டும் விடாதே. இது சுசீந்திரத்துக் கருங்கல் இல்லை, மணற்கல், பொலபொலவென்று உதிரும்.

மேல்தளத்துக்குப் பக்கான் என்று பெயர். ஏணிபோல் செங்குத்தான படி, பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஏற விடமாட்டார்கள். நீயும் மருமகளும் மாற்றி மாற்றி ஏறுங்கள், ஒருவர் குட்டியோடு கீழே இருக்கட்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு போனால் பல நேரம் திருப்பி அனுப்புகிறார்கள், கை வைத்த சட்டையே போடுங்கள். பௌத்தப் புனித நாட்களில் பக்கான் மூடியிருக்கும். நம்ம நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி பார்த்துக்கொள், ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

மூன்று நாளில் ஒரு காலையைப் பந்தேய் ஸ்ரேய் கோயிலுக்கு வை. டுக்டுக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், தூரம் என்பதால் கூலியும் கூடும், கிளம்புமுன்னே பேசிக்கொள். சீட்டு அதேதான். 967இல் குடமுழுக்குக் கண்ட சிறிய சிவன் கோயில், கட்டியவன் அரசனில்லை, யக்ஞவராகன் என்ற அரசவைப் பெரியவன். செம்மண் நிறக் கல்லில் மரச் செதுக்கு வேலை மாதிரி நுணுக்கம். வாசல்முகப்பு ஒன்றில் சிவன் ஆடுகிறான், காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார்தான் அது. வழிகாட்டி தாண்டிப் போனால் நிறுத்திக் கேள். எனக்கு அங்கோர் முழுவதையும்விட இந்த ஒரு கல் பெரிது.

தா புரோம் கோயிலுக்குப் பிற்பகல் போதும். மரவேர் கவ்விய சுவர்களைத் தாங்கி நிறுத்தும் வேலையில் நம்ம இந்தியத் தொல்லியல் துறைக்கும் பங்குண்டு.

விமான நிலையம் 2023இல் மாறிவிட்டது. அங்கோருக்குப் பக்கத்திலிருக்கிற சியெம் ரீப் ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம், பழைய பதிவுகளை நம்பி டாக்சி பேசாதே. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், அரசுத் தளத்திலேயே எடு. பயணத்துக்கு முந்தைய ஏழு நாளுக்குள் வருகைப் படிவமும் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கிற தளம் இடைத்தரகன். டாலர் நோட்டு கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இருந்தால் கடைக்காரர் வாங்கமாட்டார். சிங்கப்பூரில் மாற்றும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கு, ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டாகக் கொஞ்சம் கூடுதலாகவே கேள்.

அம்மா